மாயா என்ற பெயருக்கு என்ன பொருள்? ஒரு பெயரின் பூர்வீகம் தேடும் முறை

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் கடைசியாக என்னிடம்தான் வருவார்கள். காலமெல்லாம் நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. எல்லாம் தெரியாது, எங்கே தேடுவது, கிடைத்ததில் எதை நம்புவது என்பது தெரியும். டூயி வகைப்பாட்டில் ஆட்பெயர் பற்றிய நூல்களுக்கு 929.4 என்று எண். எங்கள் நூலகத்தில் அந்த வரிசையில்தான் புத்தகங்களின் ஓரம் அதிகம் மடங்கியிருக்கும்.

சமீபத்தில் வந்த பெயர் மாயா. ஜெர்மனியில் இருக்கும் தங்கை மகள் கேட்டாள். "பெரியம்மா, இங்கே இருக்கிறவங்க வாயிலயும் நுழையணும், அங்கே ஆச்சி கூப்பிடவும் நல்லா இருக்கணும்." பெயர் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, அவளுடைய மாமனாரைத் தவிர. சம்பந்தி சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவர். "ஆணவம், கன்மம், மாயை. மூணு மலத்துல ஒண்ணை எடுத்துப் பிள்ளைக்குப் பேரா வைக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். உயிரைப் பிடித்திருக்கும் அழுக்கைத்தான் சித்தாந்தம் மலம் என்கிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக இவள் ஏதோ ஓர் இணையதளத்தில் இருந்த வரியை அவருக்கு அனுப்பியிருக்கிறாள்: தோற்றம் சமஸ்கிருதம், கிரேக்கம், எபிரேயம், பொருள் மாயை, தாய், நீர், மகத்தானவள். நாலு ஊர்க்காரர்களை ஒரே ரேஷன் கார்டில் சேர்த்த மாதிரி இருந்தது.

பல நாடுகளில் வழங்கும் எந்தப் பெயரைத் தேடினாலும் இப்படி ஒரு வரிதான் முதலில் கிடைக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும் முறையை மாயாவை வைத்தே சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பெயர் வேறாக இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு மொழிக்கு ஓர் அட்டை போடுங்கள். கணினி வருவதற்கு முன் நூலகப் பட்டியல் எல்லாம் அட்டையில்தான் இருந்தது. ஐந்துக்கு மூன்று அங்குலம், கீழே நடுவில் ஒரு துளை, இழுப்பறையின் கம்பி அதன் வழியாகப் போகும். என்னிடம் இன்னும் வெற்று அட்டைகள் ஒரு கட்டு இருக்கிறது. உங்களுக்கு நோட்டுத் தாளைக் கிழித்துக்கொண்டாலும் சரி. ஒவ்வோர் அட்டையிலும் நான்கு விஷயம் எழுத வேண்டும். அந்த மொழியின் எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறது, வாயால் எப்படிச் சொல்கிறார்கள், தெரிந்தவரை அந்தப் பெயரைத் தாங்கிய பழைய ஆள் யார், அந்தச் சொல்லுக்கு அன்றாடப் பேச்சில் என்ன பொருள். பொருளைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். பொருளில் தொடங்கினால் கண்ணுக்கு அழகாகப் பட்டதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடுவோம்.

உச்சரிப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது சின்ன வேலை. ஆனால் பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆங்கில எழுத்தில் எம், ஒய், ஏ என்று மூன்றே எழுத்தில் வரும் பெயரை மாயாவின் சுருக்கமாகப் பலர் எழுதுகிறார்கள். பர்மியர்களிடமும் அதே எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர் உண்டு. அதை ம்யா என்று ஒரே அசையில் சொல்வார்கள். மரகதம் என்று பொருள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரபியில் மய்யா என்று ஒரு பழைய பெண் பெயர் இருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்தைய கவிஞர் நாபிகாவின் புகழ்பெற்ற கவிதை ஒன்று "மய்யாவின் வீடே" என்றுதான் தொடங்கும். முதல் எழுத்துக் குறில், அடுத்து இரட்டித்த ய. மாயாவின் அட்டையில் அதைச் சேர்க்கக் கூடாது, தனி அட்டை. ஜெர்மானியர்களும் சுவீடன்காரர்களும் நடுவில் ஜே போட்டு எழுதுவார்கள். அவர்கள் ஊரில் ஜேக்கு ய ஓசை, ஆகவே அது மாயாவேதான். அதே எழுத்தை ஸ்பெயின் நாட்டவரிடம் கொடுத்தால் மாஹா என்று படிப்பார். அழகான பெண் என்று அர்த்தமாகும், பாதகமில்லை.

அடுத்து, அகராதி. நம் பக்கத்துக்கு மூன்று போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், மோனியர் வில்லியம்ஸின் 1899-ஆம் ஆண்டு சமஸ்கிருத அகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு 1984). மூன்றையும் காசு கொடுக்காமல் இணையத்தில் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் தென்னாசிய அகராதிகளை ஏற்றி வைத்திருக்கிறது. கொலோன் பல்கலைக்கழகத்தின் தளத்தில் சமஸ்கிருத அகராதிகள் இருக்கின்றன. பெயர் அகராதி என்று விற்கும் மெல்லிய புத்தகங்களை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

பெரிய அகராதியைத் திறந்தால் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைக் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாயா என்ற சமஸ்கிருதச் சொல்லுக்குப் பொய்த்தோற்றம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மோனியர் வில்லியம்ஸில் அதற்கு முன்பே கலை, அறிவு, அசாதாரண ஆற்றல் என்று இருக்கும். பழைய மொழியில் மட்டும் இந்தப் பொருள் என்ற குறிப்பும் கூடவே வரும். ரிக் வேதத்தில் இந்திரன் தன் மாயைகளால் பல வடிவம் எடுக்கிறான். அங்கே அது அவனுடைய வல்லமை. உலகமே தோற்ற மயக்கம் என்ற கருத்து அத்வைதத்தில் ஓங்கிய பிறகு, அந்தச் சாயல்தான் நம் பேச்சிலும் தங்கிவிட்டது. புத்தரைப் பெற்றவள் பெயரும் மாயாதான். மாயாதேவி, மகாமாயா என்று பௌத்த நூல்கள் சொல்லும். நேபாளத்து லும்பினியில் அவள் பெயரில் கோயில் இருக்கிறது. 1997-இல் லும்பினியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. "பிள்ளை பிறந்து ஏழாம் நாள் செத்துப்போனவளாச்சே" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படிப் பார்த்தால் சீதை என்று வைத்தவர்களும் கவலைப்பட வேண்டும்.

வைணவத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். கண்ணனுக்குப் பதிலாக யசோதையிடமிருந்து எடுத்து வரப்பட்ட குழந்தை, கம்சன் பாறையில் அறையத் தூக்கியபோது அவன் கையை விட்டு நழுவி வானத்தில் எழுந்து அவனுக்கு நாள் குறித்தவள். அவள் யோகமாயை. பயந்தாங்கொள்ளிப் பெயர் அல்ல.

சம்பந்திக்கு இதெல்லாம் போதாது. அவர் பேசுவது சித்தாந்தம். சரி, சித்தாந்தத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். அத்வைதிக்கு மாயை பொய். சைவ சித்தாந்திக்கு அது பொய் அல்ல, என்றும் உள்ள பொருள். உடம்பும் கருவிகளும் உலகமும் அனுபவமும் அதிலிருந்துதான் உயிருக்குக் கிடைக்கின்றன. தனு, கரணம், புவனம், போகம் என்று அடுக்குவார்களே, அதுதான். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குக் கொஞ்சம் வெளிச்சம் தருவதே மாயைதான் என்பது அவர்கள் கணக்கு. உமாபதி சிவாசாரியார், குறள் வடிவில் பாடிய திருவருட்பயனில் "விடிவாம் அளவும் விளக்கனைய மாயை" என்கிறார். சூரியன் வரும்வரை எரிகிற விளக்கு. வீட்டுக்கு வரும் பெண் குழந்தைக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பெயர்ப் புத்தகத்திலும் கிடைக்காது. சம்பந்திக்குத் தெரியாத குறளா? இருந்தாலும் போனில் படித்துக் காட்டினேன். "அது மாயைக்குச் சொன்னது, பேருக்குச் சொன்னதில்ல" என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெயரை எதிர்க்கிற பெரியவரிடம் வேற்று நாட்டுப் பொருளைக் கொண்டுபோகாதீர்கள். கிரேக்கத்தில் தாய் என்று அர்த்தமாம் என்றால் அவருக்கு என்ன வந்தது? அவர் எந்த நூலில் நின்று பேசுகிறாரோ அதே நூலைத் திறக்க வேண்டும்.

இனி தமிழ் அட்டை. இதை எழுதாமலே விட்டுவிடுவார்கள், மாயா வடமொழிதானே என்று. கிராமத்துப் பெயர்களை நினைத்துப் பாருங்கள்: மாயாண்டி, மாயவன், மாயழகு, மாயக்காள், மாயி. தென்மாவட்டங்களில் சுடலைமாடனையே மாயாண்டி என்பார்கள். ஆக, இந்த ஓசை நம் வீடுகளுக்குப் புதிது இல்லை. அதற்கும் முன்னால் போனால் தொல்காப்பியம், "மாயோன் மேய காடுறை உலகமும்". முல்லை நிலத்துத் தெய்வம் மாயோன், கருநிறத்தவன். மா என்றால் கருமை, மாமை என்றால் மாந்தளிர் போன்ற நிறம். குறுந்தொகையின் ஒன்பதாம் பாட்டு "யாய் ஆகியளே மாஅயோளே" என்று தொடங்கும்; தலைவியை மாமை நிறத்தவளே என்று தோழி சொல்கிறாள். பின்னால் ஆண்டாள் "மாயனை மன்னு வடமதுரை மைந்தனை" என்று பாடும்போது கருநிறமும் மாயச் செயலும் ஒரே சொல்லில் கேட்கின்றன. போதாததற்கு, மறைதல், அழிதல் என்ற பொருளில் மாய்தல் என்று ஒரு வினையும் நம்மிடம் இருக்கிறது. இதையெல்லாம் ஒரே வேர் என்று அடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் பெயர் வைக்கிறவர்களுக்கு இல்லை. தமிழ் காதில் மாயா என்ற ஓசை எதையெல்லாம் எழுப்புகிறது என்று அட்டையில் எழுதினால் போதும்.

ஓசை ஒத்துப்போவதால் ஏமாறுவதற்கு எங்கள் ஊரே உதாரணம். மாயவரம் என்ற பெயரைக் கேட்டு ஏதோ மாயமும் வரமும் என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. அது மாயூரம், மயூரம் என்றால் மயில். அம்பாள் மயிலாக வந்து பூசித்த ஊர். மயிலாடுதுறை என்று சொன்னதும் வழக்கு தீர்ந்தது.

இப்போது வெளிநாட்டு அட்டைகள். இவற்றைப் பிரிக்க நூலகப் பட்டியலில் இரண்டு குறிப்புகள் உண்டு: "பார்க்க", "மேலும் பார்க்க". ஒரே ஆள் வேறு பெயரில் இருந்தால் "பார்க்க". தொடர்பு உண்டு, ஆனால் வேறு தலைப்பு என்றால் "மேலும் பார்க்க". இரண்டும் இல்லையென்றால் அட்டைகளுக்கு நடுவே எந்தக் குறிப்பும் போடக் கூடாது. பெயர்த் தேடலில் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான கட்டுக்கதைகள் தானாக உதிர்ந்துவிடும். குறிப்புப் போடும் முன் ஒரே கேள்வி: இந்தப் பெயரை அங்கிருந்து இங்கே தூக்கிக்கொண்டு வந்தது யார்? வணிகரா, துறவியா, படையா, வேத நூலா? ஆளைக் காட்ட முடியவில்லை என்றால் உறவும் இல்லை.

ஜப்பானை எடுங்கள். கோபே நகரத்துக்குப் பின்னால் மாயா என்றே ஒரு மலை இருக்கிறது. அங்குள்ள கோயிலில் புத்தரின் தாயை வழிபடுகிறார்கள். மலைக்குப் பெயர் அவளால் வந்தது. இந்தியாவிலிருந்து சீனத்துக்கு, அங்கே ஓசைக்கு ஏற்ற இரண்டு சீன எழுத்துகளாக, பிறகு ஜப்பானுக்கு. தூக்கிக்கொண்டு போனது பௌத்தம். ஆள் தெரிகிறது, ஆகவே தைரியமாக "பார்க்க: மாயாதேவி" என்று எழுதலாம். அந்த மலையின் பெயரை ஜப்பானியக் கடற்படை தன் போர்க்கப்பலுக்கும் வைத்தது. 2020-இல் சேவைக்கு வந்த இன்னொரு கப்பலுக்கும் அதே பெயர். லும்பினித் தோட்டத்தில் சாலமரக் கிளையைப் பிடித்தபடி பிள்ளை பெற்றவளின் பெயர் ஏவுகணைக் கப்பலில் போய் நிற்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கிரேக்கத்து மாயா வேறு ஆள். அட்லஸின் மகள், ஹெர்மஸின் தாய், ஏழு சகோதரிகளில் ஒருத்தி. கிரேக்கத்தில் அந்தச் சொல் தாய், செவிலி, மருத்துவச்சி என்று வழங்கியது. ஹோமரின் காவியத்தில் வீட்டுப் பழைய செவிலியை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரோமானியர்களுக்கும் அதே ஓசையில் தனியாக ஒரு பெண் தெய்வம் இருந்தது. அது பெரியது, மகத்தானது என்ற லத்தீன் சொல்லோடு சேர்ந்தது. மே முதல் தேதி அவளுக்குச் சினைப் பன்றியைப் பலி கொடுப்பார்கள். மே மாதத்தின் பெயரையும் அவளோடு சேர்த்துச் சொல்வார்கள். கிரேக்கக் கதைகள் ரோமுக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒருத்தியானார்கள். "தாய், மகத்தானவள்" என்று அந்த இணையதளம் ஒரே மூச்சில் சொன்னது இந்தக் கலப்பைத்தான். இங்கே "மேலும் பார்க்க" போதும்.

அந்த ஏழு சகோதரிகள் யார் என்று நினைக்கிறீர்கள்? வானத்தில் நாம் கார்த்திகை என்று காட்டும் மீன் கூட்டம்தான். மாயா என்று இன்றும் வானியலாளர்கள் அழைக்கும் நட்சத்திரம் அதில் ஒன்று. சங்க இலக்கியத்தில் அது அறுமீன்; முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு பெண்கள். அங்கே செவிலி என்று பெயர் கொண்ட நட்சத்திரம், இங்கே பால் கொடுத்த கார்த்திகைப் பெண்கள். கேட்கச் சிலிர்க்கிறது. ஆனால் கிரேக்கச் செவிலியிலிருந்து நம் மாயா வந்தாள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தூக்கிக்கொண்டு வந்த ஆளைக் காட்டுங்கள் என்றால் காட்ட முடியாது. ரசித்துவிட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

சுவீடனின் மாயாவுக்கும் பின்லாந்தின் மைய்யாவுக்கும் வேலை சுலபம். இரண்டும் மரியாவின் செல்லப் பெயர்கள். "பார்க்க: மரியா". ஜெர்மனியில் இந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு நெருக்கமாக்கியது 1912-இல் வந்த கதையில் வரும் மாயா என்ற தேனீ. எங்கள் பிள்ளையைப் பள்ளியில் யாராவது தேனீ என்று கேலி செய்தால் அதற்கு இதுதான் காரணம், முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சோவியத் நாட்டில் மாயா என்றதும் மே தினம் நினைவுக்கு வந்தது. நடனக் கலைஞர் மாயா பிளிசெத்ஸ்கயா 1925-இல் பிறந்தவர், அந்தத் தலைமுறை. இஸ்ரேலில் மாயா மிகப் பிரபலம். எபிரேயத்தில் தண்ணீருக்கு மயிம் என்பதால் ஓசை நெருக்கத்தில் நீர் என்ற பொருள் அங்கே ஒட்டிக்கொண்டது. நியூசிலாந்தின் மாவோரி மொழியில் மாயியா என்றால் வீரம், துணிவு. ஆங்கில எழுத்தில் அதுவும் கிரேக்க மாயாவும் ஒன்றுபோல இருக்கும், அவ்வளவுதான். மெக்சிகோ பக்கத்து மாயா மக்களின் பெயர் ஓர் இனத்தின் பெயர், அதிலிருந்து நம் பெயர் வரவில்லை.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு அந்தப் பெயர் எந்த வழியில் வந்தது என்பது. இங்கே அகராதி உதவாது. பெயர் வைத்தவரின் வாய்ச்சொல்தான் சான்று.

அமெரிக்க அரசியலில் இரண்டு மாயாக்கள் இருக்கிறார்கள். இருவரும் தங்கைகள். ஒருவர் கமலா ஹாரிஸின் தங்கை, 1967-இல் பிறந்த மாயா லட்சுமி. தாய் ஷியாமளா கோபாலன் தமிழ்ப் பெண். பெண் தெய்வங்களை வணங்கும் பண்பாடு வலிமையான பெண்களை உருவாக்கும் என்று மகள்களின் பெயர்களைப் பற்றிச் சொன்னவர். இன்னொருவர் பராக் ஒபாமாவின் தங்கை மாயா சுட்டோரோ, 1970-இல் ஜகார்த்தாவில் பிறந்தவர், தந்தை இந்தோனேசியர். பிறந்த ஊரைப் பார்த்து, "ஜாவாவில் சமஸ்கிருதப் பெயர்கள் சாதாரணம், இதுவும் அதுதான்" என்று எழுதத் தோன்றும். கவிஞர் மாயா ஆஞ்சலோவின் தாக்கத்தால்தான் தன் தாய் தங்கைக்கு அந்தப் பெயரை வைத்தார் என்று 2014-இல் ஆஞ்சலோ இறந்தபோது ஒபாமாவே சொன்னார். ஆஞ்சலோவுக்கு அது எப்படி வந்தது? பெற்றோர் வைத்தது மார்கரீட் ஆனி. மழலையில் அண்ணன் "மை சிஸ்டர்" என்று சொல்ல முயன்றது மாயா என்று நிலைத்தது. சமஸ்கிருதமும் இல்லை, கிரேக்கமும் இல்லை, நீரும் இல்லை. ஒரு சிறுவன் தங்கையைக் கூப்பிட்ட குரல், கடல் தாண்டி இன்னொரு வீட்டுத் தங்கையின் பெயரானது.

அதனால்தான் சொல்கிறேன், ஆளைப் பார்த்து ஊகிக்காதீர்கள். மால்டோவாவின் அதிபர் மாயா சாண்டு 1972 மே 24 அன்று பிறந்தார். மே மாதத்தில் பிறந்ததால் மாயா என்று எழுதினால் பொருத்தமாகத்தான் இருக்கும். அவரோ அவர் வீட்டாரோ சொல்லாதவரை எழுதக் கூடாது. லண்டனில் 1975-இல் பிறந்த ஈழத் தமிழ்ப் பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தை நெருங்கியவர்கள் மாயா என்பார்கள். ஏட்டுப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்பது நமக்குப் பழக்கமான விஷயம். ஆகவே அட்டையில் இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு பெயர் எப்போது பரவியது என்று பார்க்க அரசாங்கப் பட்டியல்கள் உதவும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை 1880 முதல் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக இலவசமாக வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்த பெயர் அதில் வராது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 1996 முதல் இருக்கிறது. எந்த ஆண்டில் பெயர் திடீரென்று ஏறுகிறதோ அந்த ஆண்டில் ஒரு புத்தகமோ, நடிகையோ, விளையாட்டு வீராங்கனையோ இருப்பார். பெரும்பாலான பெற்றோர் வேர்ச்சொல்லைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, ஆளைப் பார்த்து வைக்கிறார்கள். நம்மூரில் ஜவஹர், இந்திரா, ஸ்டாலின் என்று வைத்தவர்கள் எந்த அகராதியைத் திறந்தார்கள்?

அப்புறம், பிள்ளை எங்கே வளரப்போகிறதோ, யாரோடு பழகப்போகிறதோ, அவர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்று ஒரு ஆளிடம் கேளுங்கள். இதில் மாயா ஆச்சரியமான பெயர். நேபாளியில் மாயா என்றால் அன்பு, காதல். வங்காளத்தில் பாசம், இரக்கம். இந்தோனேசியாவில் "துனியா மாயா" என்றால் இணைய உலகம். கண்ணுக்குத் தெரிந்தும் கையில் பிடிபடாத உலகம் என்ற கணக்கில் பழைய தத்துவச் சொல்லைக் கணினிக்குப் பொருத்திவிட்டார்கள். ஒரே சமஸ்கிருதச் சொல் தெற்கே மலமாகவும் இமயமலையில் காதலாகவும் ஜகார்த்தாவில் இன்டர்நெட்டாகவும் இருக்கிறது. தங்கை மகளின் எதிர்வீட்டில் ஒரு நேபாளிக் குடும்பம் இருக்கிறதாம். அவர்களிடம் கேட்டுவிட்டு வந்தவள், சம்பந்திக்கு அனுப்பிய முதல் வரியை அழித்துவிட்டாள்.

எல்லாப் பெயரும் மாயாவைப் போல ஓசை ஒன்று, வேர் பல என்று இருக்காது. நேர் எதிரான வகை யோவான். எபிரேயத்து யோகனான்தான் ஜான், ஹுவான், ஜொவான்னி, இவான், ஹான்ஸ், அரபியில் யஹ்யா. முகம் அத்தனையும் வேறு, ஆள் ஒருவர். எல்லாவற்றுக்கும் "பார்க்க" போடலாம், தூக்கிக்கொண்டு போனது வேத நூல். மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. ஓசையை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது. கடவுளின் அருள் என்ற பொருளை வைத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். பவுல் என்றால் லத்தீனில் சின்னவர், ஆகவே சின்னப்பர். சின்னப்பன் என்ற பெயரைப் பார்த்ததும் அதை வெறும் ஊர்ப் பெயர் என்று முடிவு கட்டுகிறவர்கள் அந்த வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

உங்கள் பெயர் எந்த வகை என்று தெரிந்துவிட்டால் தேடல் சீக்கிரம் முடியும். தாரா நமக்கு நட்சத்திரம். அயர்லாந்தில் அது பழைய அரசர்களின் மலை. நக்கீரரின் கீரனுக்கும் கருநிறத்தைக் குறிக்கும் ஐரிஷ் கீரனுக்கும் ஓசை மட்டுமே பொது. நதியா என்றால் நமக்கு ஆறு ஓடுகிறது, ரஷ்யர்களுக்கு அது நம்பிக்கை. நவோமி ஜப்பானிலும் உண்டு, விவிலியத்திலும் உண்டு, தனித்தனியாக.

எண் கணிதம் பார்த்து மாயாவில் இன்னும் இரண்டு ஏ சேர்க்கச் சொல்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிச் சொல்லப்போவது அவர்கள் அல்ல.

கடைசியாகக் காகித வேலை. இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனையில் அவசரப்படுத்துகிறார்கள் என்று ஏதோ ஒன்றை எழுதிக் கொடுக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றை முடிவு செய்து பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். எழுத்து மாறிவிட்டால் பின்னால் திருத்துவதற்குப் படாத பாடு படவேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் எம், ஏ, ஒய், ஏ என்று முடிவாகியிருக்கிறது. ஜே போட்டால் அங்கே சரியாகப் படிப்பார்கள், இங்கே வங்கியில் மாஜா என்று கூப்பிடுவார்கள். பிறப்புச் சான்றிதழின் நகலோடு வைக்க ஓர் அட்டை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்: பெயரைத் தேர்ந்தது யார், யாரை நினைத்து, எந்த மொழியிலிருந்து, எப்படிச் சொல்ல வேண்டும், யார் ஆட்சேபித்தார். ஆட்சேபித்தவர் இடத்தில் தன் பெயரைத் தானே எழுதுவதாகச் சம்பந்தி சொல்லியிருக்கிறார். கீழே அந்தக் குறளையும் முழுதாக எழுத வேண்டுமாம், நான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று ஒரு குறை.